பன்னிரண்டாவது வேட்டைக்காரர்

எங்கள் யெட்லோவா ஊர் வேட்டைச் சங்கத்தில் துப்பாக்கிக்காரர்கள் பதினொரு பேர். முந்தின வருடம் டிசம்பர் மாதக் கடைசி வேட்டையன்று மட்டும் பன்னிரண்டு பேர் இருந்தோம். சங்கத்துக் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கீழே பதினொரு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது. பன்னிரண்டாவது ஆள் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் ஐந்து வருடம் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. அகாதாவின் மதுக்கடையில் சனிக்கிழமைதோறும் ஒரே வழக்கு: பன்றி விலை கூடின சாமானுக்கு விழுமா, விலை குறைந்த சாமானுக்கு விழுமா. விலை கூடின கட்சியில் கோர்னெல் ஒருவன்தான் உறுப்பினன். எதிர்க்கட்சித் தலைவன் இம்ரிக். காசில்லாத நாங்கள் மற்ற எல்லோரும் இம்ரிக் பக்கம்.

கோர்னெல் பட்டணத்தில் குளியலறை டைல்ஸ் விற்கிறான். எங்கள் வேட்டைத் தலைவர் வெண்டலீனின் ஒரே மகளைக் கட்டியவன். அவனுடைய துப்பாக்கி ஆஸ்திரியாவில் செய்தது. அந்த விலைக்கு எங்கள் ஊரில் இரண்டு வீடு வாங்கலாம். இரண்டாவது வீட்டுக்குக் கூரை இருக்காது, அவ்வளவுதான். துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கி இருட்டிலும் பார்க்கும், பார்த்ததைப் படமும் பிடிக்கும். காதில் ஒரு கருவி மாட்டியிருப்பான். அரை மைலுக்கு அப்பால் முயல் ஏப்பம் விட்டால் கேட்குமாம். உடம்பில் ஓக் மரப்பட்டை அச்சடித்த உடுப்பு. அதன்மேல் தெளித்துக்கொள்ள ஒரு சின்னக் குப்பி. அதில் இலையுதிர்கால ஓக் மரத்தின் வாசனை.

இம்ரிக்கின் துப்பாக்கி ஒரு விதவையிடம் வாத்து கொடுத்து வாங்கியது. வாத்து மறுவாரமே செத்துப்போனது, துப்பாக்கி மட்டும் இன்னும் இருக்கிறது. கட்டையையும் குழாயையும் வேலிக் கம்பி சேர்த்துப் பிடித்திருக்கிறது. தோட்டாக்களைச் சமையலறை மேசையில் அவனே அடைப்பான். கால் இரண்டிலும் பால் சங்கம் கழித்துப்போட்ட ரப்பர் பூட்ஸ், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. ஆட்டு வாடை வேறு. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு பன்றி அவன் கணக்கில் விழுந்துவிடும். ஒரு வருடம் அவன் தும்மியதில் துப்பாக்கி தானாக வெடித்தது. வரிசையில் வந்த இரண்டு பன்றிகளும் ஒரே குண்டில் சாய்ந்தன. மூன்றாவது பன்றி அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நாங்கள்தான் அதை எழுப்பி அனுப்பினோம்.

கோர்னெலுக்கு ஐந்து வருடத்தில் ஒரு பன்றிகூட விழவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவன் ஐந்து பருவத்துக்குள் ஒரு பன்றியாவது சுட வேண்டும். சுடாவிட்டால் துப்பாக்கியை வீட்டில் மாட்டிவிட்டு, காடு கலைக்கிற கூட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். காடு கலைக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பானை மூடியும் கரண்டியும் தருவோம். முள்ளுக்குள்ளும் ஓடைக்குள்ளும் இறங்கி, மூடியைத் தட்டி, கத்திக்கொண்டே அவர்கள் பன்றிகளை மேட்டுக்கு விரட்டுவார்கள். மேட்டுப் பாதையில் ஒன்று முதல் பதினொன்று வரை நிலைகள். அங்கே துப்பாக்கிக்காரர்கள் வாயில் கொழுத்த உப்புக்கறியோடு காத்திருப்போம். ஒருமுறை கலைக்கப் போனவன் திரும்ப நிலைக்கு வந்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை.

"ரெண்டு வீட்டு விலைக்குத் துப்பாக்கிய வாங்கிட்டு, கடைசியில பானை மூடியத் தட்டப் போறாரு பாரு" என்று கடைசி வேட்டைக்கு முந்தின நாள் அகாதா கடையில் இம்ரிக் ஆரம்பித்தான். "தம்பி, மூடியும் வெளிநாட்டு மூடியா வாங்கிடுங்க. நம்ம ஊரு மூடி உங்க கைக்கு ஒத்துக்காது."

"நாளைக்குப் பாருங்க அண்ணே" என்றான் கோர்னெல்.

"அஞ்சு வருசமா நாளைக்குத்தான் பாத்துட்டிருக்கோம்."

"உங்க துப்பாக்கி ஒரு நாள் உங்க மூஞ்சியிலயே வெடிக்கும்."

"வெடிச்சா என்ன. இந்த மூஞ்சியும் விலை குறைஞ்ச சாமான்தானே."

கடை முழுக்கச் சிரித்தது. அகாதா மட்டும் சிரிக்கவில்லை. "பாவம்யா அந்தப் புள்ள. அவன் பொண்டாட்டி என்ன சொல்லியிருக்கா தெரியுமா? எங்கப்பா மேட்டுல நிக்கும்போது நீ பள்ளத்துல மூடி தட்டுனா, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு உன்கூட வரமாட்டேன்னுட்டா."

மூலையில் மாமனார் வெண்டலீன் பிளம் சாராயத்தை ஒரு மிடறு விழுங்கினார். "மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கு" என்றார். அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், சாராயத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை சீட்டுக் குலுக்கிப்போட்டதில் கோர்னெலுக்கு இரண்டாம் நிலை வந்தது. எனக்கு மூன்றாவது. நாலாவதில் தபால்காரர், ஐந்தாவதில் இம்ரிக். தலைவருக்கு எப்போதும் கடைசி நிலை, பதினொன்று. வெண்டலீன் வழக்கம்போல் இரண்டு விதிகளைச் சொன்னார். கொம்பு ஊதும்வரை யாரும் நிலையைவிட்டு நகரக் கூடாது. ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றக் கூடாது, ஆரஞ்சைப் பார்த்தால் சுடவும் கூடாது. முதல் விதியை மீறினால் மூடி. இரண்டாவதை மீறினால் ஒரு வருடம் வேட்டை உரிமமே போய்விடும், அது அரசாங்கச் சட்டம்.

கோர்னெல் அன்றைக்குப் புது ஆரஞ்சுச் சட்டை போட்டு வந்திருந்தான். கையில்லாத சட்டை, விலை நூற்றுத் தொண்ணூறு யூரோ. முதுகில் வெள்ளி நூலால் அவன் பெயர். உள்பக்கம் வாடை தெரியாமல் தடுக்கிற துணியாம். போட்டவனை நாயால்கூட மோப்பம் பிடிக்க முடியாது, எந்த உடம்புக்கும் தானாகவே பொருந்திக்கொள்ளும் என்று விற்றவன் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தான். விற்றவனைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்தது அத்தனையும் நடந்தது.

நிலைக்குப் போனதும் கோர்னெலுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அறுநூறு யூரோ கொடுத்து ஓக் மரம் மாதிரி உடுத்தியாகிவிட்டது. எந்த ஓக் மரம் ஆரஞ்சுச் சட்டை போடுகிறது? கடைசி நாள் வேறு. சுற்றிப் பார்த்தான். மரங்களுக்குப் பின்னால் நான் இருந்த இடம் அவனுக்குத் தெரியவில்லை. சட்டையைக் கழற்றி, பக்கத்தில் முழங்கால் உயரத்தில் கவட்டையாகப் பிரிந்திருந்த ஒரு குத்துச்செடியில் விரித்து மாட்டினான். குப்பியை எடுத்துத் தலை முதல் கால் வரை அடித்துக்கொண்டான். அப்புறம் அசையாமல் நின்றான். நாற்பது தப்படியில் நின்று பார்த்த எனக்கே அவன் எங்கே முடிகிறான், மரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு மரங்கொத்தி வந்து அவன் தோளில் இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு, உள்ளே புழு இல்லை என்று கண்டு போனது.

பள்ளத்தில் மூடிச் சத்தம் எழுந்தது. அரை மணி கழித்து அது வந்தது.

நான் எழுபத்தொரு வயதுக்காரன், பொய் சொல்லி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அந்த மாதிரிப் பன்றியை நான் பார்த்ததில்லை. இருநூறு கிலோ இருக்கும். அது நடந்து வந்தபோது சின்ன மரங்கள் தாமாகவே ஒதுங்கி நின்றன. நேராகக் கோர்னெலிடம் போனது. மூக்கைத் தூக்கி முகர்ந்தது. இந்தக் குளிர்காலத்தில் இப்படி ஒரு ஓக் வாசனையா என்று அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். அவன் காலடியைச் சுற்றி ஓக் கொட்டை தேடி மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

கோர்னெலால் சுட முடியவில்லை. துப்பாக்கிக் குழாய் பன்றியின் முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நகர்ந்தால் மரம் நடப்பதைப் பன்றி பார்த்துவிடும். கொட்டை ஒன்றும் கிடைக்காத கோபத்தில் பன்றி திரும்பி, அவன் தொடையில் முதுகை வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டது. நன்றாகத் தேய்த்தது. மூன்று நிமிடம் இருக்கும். பிறகு பக்கத்துக் குத்துச்செடியில் கழுத்தைத் தேய்க்கப் போனது. கவட்டைக்குள் தலையை விட்டது. முன்கால் இரண்டும் பின்னாலேயே போயின. தலையை வெளியே எடுத்தபோது சட்டையும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற மனிதன்கூட அவ்வளவு நேர்த்தியாக உடுத்த முடியாது. சட்டையின் பக்கவாட்டுப் பட்டைகள் விரிந்தன, சுருங்கின, பொருந்தின.

அது என்னைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறி நடந்தது. நான் சுடவில்லை. ஆரஞ்சைச் சுடக் கூடாது என்பது விதி. ஒரு கையில் உப்புக்கறியும் இன்னொரு கையில் கத்தியும் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பனிமூட்டம் இடுப்பளவு இருந்தது. பாதையோரப் புதருக்கு மேலே ஆரஞ்சு முதுகு மட்டும் தெரியும், யாரோ குனிந்து நடந்து போவது போல. நாலாம் நிலையில் தபால்காரர் தொப்பியைத் தூக்கி, "வணக்கம் தம்பி" என்றது எனக்கே கேட்டது. பதில் இல்லை. "பணக்காரப் பய, திரும்பிக்கூடப் பாக்கல" என்று அவர் முணுமுணுத்ததும் கேட்டது. ஐந்தாம் நிலையிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நிலையிலும் ஒரு வணக்கம், ஒரு இருமல், ஒரு கையசைப்பு. பின்னாலேயே மோப்பம் பிடித்து வந்த எங்கள் வேட்டை நாய்கள் இரண்டும் பாதி வழியில் நின்று, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, வாலை ஆட்டின. கடைசியில் பதினோராம் நிலையிலிருந்து வெண்டலீனின் குரல் மலையெல்லாம் கேட்டது.

"மாப்ளே, எங்க ஊர்வலம் போறீங்க? கொம்பு ஊதியாச்சா? துப்பாக்கி எங்க? நாலு கால்ல நடக்குற மாதிரி என்ன நடை இது? இறங்குங்க கீழ, இறங்குங்க."

உடனே அது அந்தப் பக்கச் சரிவில் இறங்கிவிட்டதாம். கல்யாணம் ஆனதிலிருந்து மாப்பிள்ளை தன் பேச்சை உடனே கேட்டது அன்றைக்குத்தான் என்று வெண்டலீன் பிறகு சொன்னார்.

கொம்பு ஊதினார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத கடைசி வேட்டை அது. எல்லோரும் இறங்கிப் போனபோது கோர்னெல் மட்டும் என் நிலைக்கு வந்து கேட்டான்.

"யுராய் அண்ணே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"மரங்கொத்தியிலருந்து."

அவன் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாமா நான்தான் நடந்து போனேன்னு நெனச்சுட்டிருக்காரு. ஆமான்னு சொன்னா, நிலைய விட்டு நகந்தது தப்பு, மூடி. இல்ல அது பன்னின்னு சொன்னா, சட்டைய ஏன் கழட்டுனேன்னு கேப்பாங்க. உரிமம் போயிரும், அப்புறமும் மூடிதான்."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் இருக்கான்னு பாப்போம்" என்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் அப்படிச் சொல்வது வழக்கம்.

கடைசி வேட்டை முடிந்த சாயங்காலம் அகாதா கடையில் வேட்டை நீதிமன்றம் கூடும். இது எங்கள் மலைப்பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பருவத்தில் குறி தவறியவன், தூங்கியவன், நாயைத் திட்டியவன் எல்லோரையும் விசாரிப்போம். குற்றவாளி அன்றைக்கு விழுந்த பன்றிமேல் குப்புறப் படுத்து மூன்று அடி வாங்க வேண்டும். பாதி விளையாட்டுதான். ஆனால் அடுத்த வருடம் யார் எந்த நிலையில் நிற்பது என்று அந்த நீதிமன்றம் சொன்னால், அது விளையாட்டு இல்லை.

வெண்டலீன் தன் மனைவியின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தார். குற்றம் சாட்டுகிறவர் தபால்காரர். கோர்னெலுக்கு வக்கீல் நான்.

"கோர்னெல் ஹுடாக் என்கிறவரு, வேட்டை நடக்குறப்போ தன் நிலைய விட்டு, ஒன்பது துப்பாக்கி முன்னாடி உலாப் போனாரு" என்று தபால்காரர் படித்தார். "வணக்கம் சொன்னவங்களுக்குப் பதில் சொல்லல. இது தனிக் குற்றமா சேத்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

"சேத்துக்கிறேன்" என்றார் நீதிபதி. "மாப்ளே, சட்டை எங்க?"

கோர்னெல் என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பன்றி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனதைச் சொல்லும்போது அகாதா சாராயப் பாட்டிலை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"யுராய் அண்ணே" என்றார் தபால்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன வருசம் ஒரு மான் உங்ககிட்ட நெருப்பு கேட்டுச்சே, அதுக்கு இது தம்பியா?"

"அது வேற காடு" என்றேன்.

"அஞ்சாம் நிலை என்ன சொல்லுது? இம்ரிக், நீ கிட்டக்க நின்னவன். போனது மனுசனா, பன்னியா?"

இம்ரிக் தொண்டையைச் செருமினான். "மனுசன்தான். சந்தேகமே இல்ல. நான் துப்பாக்கியத் தொடவே இல்ல."

அப்போது கோர்னெல் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகட்டை எடுத்தான். தொலைநோக்கி பிடித்த படம் முழுக்க அதில் இருக்கிறது என்றான். அகாதாவின் தொலைக்காட்சியில் போட்டார்கள். திரையில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. மேலும் போனது, கீழும் போனது. மூன்று நிமிடமும் அதேதான். அந்தத் தொலைநோக்கி பத்து மீட்டருக்கு அப்பால் உள்ளதைத்தான் தெளிவாகக் காட்டுமாம். ஒட்டி நின்ற பன்றியின் ரோமம் அதற்கு மேகம்.

"பனி பெய்யுது" என்றார் தபால்காரர்.

"என் டிவிதான் கெட்டுப்போச்சு" என்றாள் அகாதா. "போன மாசமே சொன்னேன், யாரும் கேக்கல."

வெண்டலீன் மேசையைத் தட்டினார். முகத்தில் வருத்தம் இருந்தது. மகளிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்தானே. "கோர்னெல் ஹுடாக், அடுத்த பருவத்திலருந்து..."

தொலைபேசி அடித்தது. அகாதா எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"பக்கத்து கமென்னா ஊரு வேட்டைத் தலைவரு பேசுறாரு. நம்ம ஆளு ஒருத்தரு அவங்க எல்லைக்குள்ள வந்துட்டாராம். ஆரஞ்சுச் சட்டை. முதுகுல கோர்னெல்னு எழுதியிருக்காம். கூப்பிட்டா பதில் இல்லையாம். பன்னிக்குப் போட்டு வெச்ச மக்காச்சோளத்தத் தின்னுட்டு, சேத்துல படுத்திருக்காராம். குடிச்சிருக்காரு போல, வந்து கூட்டிட்டுப் போங்கங்கறாரு. இப்பக்கூட கண்ணு முன்னாடிதான் படுத்திருக்காராம்."

பத்துப் பேரும் திரும்பிக் கோர்னெலைப் பார்த்தோம். கோர்னெல் எங்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கையில் தகடு.

தபால்காரர் மெல்லத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். காலையில் யாருக்காக அதைத் தூக்கினோம் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. ஒவ்வொருவரும் அதையே யோசித்தார்கள். ஒன்பது பேர், ஒன்பது துப்பாக்கி. இந்த மலையின் மிகப் பெரிய பன்றி கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் போயிருக்கிறது, வணக்கம் சொல்லி வழியனுப்பியிருக்கிறார்கள். கமென்னாக்காரர்களுக்குத் தெரிந்தால் இன்னும் மூன்று தலைமுறைக்கு எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவார்கள்.

வெண்டலீனின் முகம் கோட்டைவிடக் கறுத்தது. "நான்... அதப் பாத்து... மாப்ளேன்னா கூப்பிட்டேன்?"

"ரெண்டு தடவ இறங்குங்கன்னும் சொன்னீங்க மாமா" என்றான் கோர்னெல். குரலில் குத்தல் இல்லை, அதுதான் குத்தியது.

"தூரத்துல பனி மூட்டம்..." என்று இம்ரிக் ஆரம்பித்தான்.

"அண்ணே" என்று கோர்னெல் அவன் பக்கம் திரும்பினான். காதைத் தொட்டுக் காட்டினான். "இந்தக் கருவி நல்ல கருவி. உங்க நிலையிலருந்து ரெண்டு தடவ க்ளிக் க்ளிக்குன்னு கேட்டுச்சு. நீங்க மட்டும்தான் அது பன்னின்னு பாத்தீங்க. ரெண்டு தோட்டாவும் வெடிக்கல. நான் சொல்றது சரியா?"

இம்ரிக் தன் பூட்ஸைப் பார்த்தான். முதலில் பச்சையை, அப்புறம் கறுப்பை.

"என்னங்க சொல்லட்டும் அவருக்கு? போன்ல காத்துட்டிருக்காரு" என்றாள் அகாதா.

வெண்டலீன் எழுந்து போய்த் தொலைபேசியை வாங்கினார். "ஆமாய்யா, நம்ம ஆளுதான். விருந்தாளியா வந்தவரு. வெளியூரு. கொஞ்சம் கூச்ச சுபாவம். கிட்டப் போகாதீங்க, கோவம் வரும். தானா வந்துருவாரு. மன்னிச்சுக்கங்க." வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மாப்ளே, இப்ப என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

ஐந்து வருடத்தில் முதல் முறையாகக் கோர்னெல் குறி பார்த்துச் சுட்டான்.

"போனது மனுசன்தான்னு நானும் கையெழுத்துப் போடுறேன் மாமா. சட்டைய அந்த விருந்தாளிக்கு இரவல் கொடுத்தேன், என்கிட்ட பழசு ஒண்ணு இருந்துச்சுன்னு எழுதிக்கங்க. எனக்கு இன்னும் ஒரு வருசம் நிலை வேணும். அதுவும் அஞ்சாம் நிலை, சீட்டுக் குலுக்காம."

ஐந்தாம் நிலைதான் எங்கள் மலையில் பன்றி அதிகம் கடக்கிற இடம். சீட்டு எப்படித்தான் குலுக்கினாலும் அது இம்ரிக் கைக்கு வந்துவிடும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அந்தச் சாயங்காலமும் கேட்கவில்லை.

"அவருக்கே கொடுங்க" என்றான் இம்ரிக், பூட்ஸிடம்.

குறிப்பேட்டைக் கொண்டுவந்தார்கள். தபால்காரருக்குக் கையெழுத்து அழகு, அவரே எழுதினார். பன்னிரண்டாவதாகக் கலந்துகொண்ட விருந்தாளி வேட்டைக்காரர் ஒருவர், பெயர் தெரியாதவர், வழக்கம் அறியாமல் நிலையைவிட்டு நடந்தார். அடுத்த பருவம் முதல் அவர் காடு கலைக்கிற கூட்டத்தில் சேர்க்கப்படுகிறார். பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் முதலில் தயங்கினேன். உண்மையைச் சொன்ன ஒரே நாளில் போய்ப் பொய்க்குக் கையெழுத்துப் போடுவதா என்று மனம் ஒப்பவில்லை. அகாதா பாட்டிலைத் திரும்ப என் மேசையில் வைத்தாள். போட்டேன்.

வெளியே வரும்போது இம்ரிக் கோர்னெலின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"தம்பி, அந்தச் சட்டை எங்க வாங்குனீங்க?"

"எதுக்கு அண்ணே?"

"ஒன்பது துப்பாக்கி, ரெண்டு நாய். எல்லாத்தையும் தாண்டி உயிரோட போயிருக்கு. நல்ல சாமான்யா அது." சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். "தவணையில தருவாங்களா?"

அடுத்த நவம்பரில் பருவம் தொடங்கியபோது இம்ரிக் அதே மாதிரிப் புதுச் சட்டை ஒன்றோடு வந்தான். கீழே அதே இரண்டு நிற பூட்ஸ். பதினொரு மாதமாக நாங்கள் யாரும் சாமான் விலையைப் பற்றிப் பேசவில்லை. அகாதாவுக்கு அதில் வியாபாரம் குறைந்துபோனது.

கோர்னெல் ஐந்தாம் நிலைக்குப் போனான். சீட்டில் எனக்கு ஆறாவது வந்ததால் அவனை நன்றாகப் பார்க்க முடிந்தது. பழைய ஆரஞ்சுச் சட்டை ஒன்றைப் போட்டு, கழுத்துவரை பொத்தானை மாட்டியிருந்தான். குப்பியைக் கொண்டுவரவில்லை. மனைவி அன்றைக்குக் காலையில் அவன் தொப்பியில் ஒரு தேவதாருக் கொழுந்தைச் செருகி அனுப்பியிருந்தாள். பன்றி சுட்டவர்கள்தான் அதைச் செருகுவது வழக்கம். இவள் முன்கூட்டியே செருகிவிட்டாள். அவ்வளவு எதிர்பார்ப்பு.

பள்ளத்தில் மூடிகள் முழங்கின. புதர் விலகியது.

வந்தது அதுதான். ஒரு வருடத்தில் இன்னும் பெருத்திருந்தது. சட்டையும் கூடவே விரிந்திருந்தது. ஆரஞ்சு வெளுத்து, சேறு படிந்து, ஒரு பட்டை அறுந்து தொங்கியது. முதுகில் வெள்ளி நூல் மட்டும் புதுசாக மின்னியது. கோர்னெலுக்கு நேராக இருபது தப்படியில் வந்து பக்கவாட்டில் நின்றது. அவ்வளவு நன்றாக எந்தப் பன்றியும் யாருக்கும் நின்று கொடுத்ததில்லை. பத்து மீட்டருக்கு மேல் என்பதால் தொலைநோக்கியும் தெளிவாகக் காட்டியிருக்கும்.

கோர்னெல் துப்பாக்கியைத் தூக்கினான். கன்னம் கட்டையில் பதிந்தது. விரல் உள்ளே போனது.

அங்கேயே நின்றது. சுட்டால் பன்றி விழும். விழுந்தால் அது பன்றி. பன்றி என்றால் குறிப்பேட்டில் பதினொரு பேரும் போட்ட கையெழுத்து பொய்; மாமனாரின் மானம் போகும்; சட்டை கழன்ற கதை வெளியே வந்து உரிமம் போகும். சுடாவிட்டால் இப்படி இன்னொன்று இந்தப் பருவத்தில் வந்து நிற்காது, அப்புறம் மூடிதான். பன்றி காத்திருந்தது. அதற்கு எங்கள் ஆட்களிடம் பழகிப்போயிருந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கோர்னெல் துப்பாக்கியைத் தாழ்த்தினான். தொப்பியைக் கழற்றினான். மரியாதையாகக் கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினான்.

"காடு கலைக்கிறவங்க அந்தப் பக்கம்ங்க" என்றான்.